ரெஃபரன்ஸ் எண் 63: முனீர் மோட்டார் ஒர்க்ஸ்

முனீர் பாயிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். போன் எடுக்க மாட்டார். சிகரெட் கிடையாது, வெற்றிலை பாக்கு கிடையாது, ஊர் வம்பு கிடையாது. ஆனால் சட்டைப் பையில் போன் கிடந்து கதறும். மனுஷன் டீயை உறிஞ்சிக்கொண்டு சாலையை வேடிக்கை பார்ப்பார். "பாய், போன்!" என்று நான் கத்தினால், "அடிச்சா அடிக்கட்டும்க்கா, வேணும்னா நேர்ல வருவாங்க" என்பார். நேரில் வருபவர்கள் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள். அவர் கடைக்கு முன்னால் என் கடை வருகிறதே, அந்தப் பாவம்.

பெருங்களத்தூர் ஸ்டேஷனிலிருந்து பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வரும் சாலையில் எங்கள் கடைகள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. என்னுடையது அம்மணி கம்ப்யூட்டர்ஸ். ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங். அம்மணி என்பது அடியேன்தான். அடுத்தது முனீர் மோட்டார் ஒர்க்ஸ். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் பாய் மோட்டாரைத் தட்டினால் இந்தப் பக்கம் என் டேபிள் நடுங்கும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

பாய்க்கு நாற்பத்தேழு வயது. அவருடைய வாப்பா மேற்கு தாம்பரத்தில் சைக்கிள் சாமான் விற்றவர். மகனுக்குச் சைக்கிளைவிட மின்விசிறியைப் பிரிப்பதில்தான் ஆசை. ஐடிஐ முடித்து, மோட்டார் வைண்டிங் கற்று, இங்கே கடை போட்டார். போர்வெல் மோட்டார் என்றால் இந்த ஏரியாவில் அவர்தான். டிவிஎஸ் வண்டியில் வருவார். தோளில் நைலான் கயிறு, அதன் முனையில் ஒரு பெரிய இரும்பு நட்டு. அஞ்சடிக்கு ஒரு முடிச்சு. குழாய்க்குள் கயிற்றை விட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். நட்டு தண்ணீரைத் தொட்டதும் 'டுப்' என்று ஒரு சத்தம் வருமாம். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. முடிச்சுகளை எண்ணிக்கொண்டே கயிற்றை இழுப்பார், மிச்சத்தைச் சாணால் அளப்பார். இத்தனை அடி என்பார். அது வேதவாக்கு.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்வார். மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும் அல்லவா, அதன் மூடியைத் திறந்து உள்பக்கத்தில் சிவப்பு மார்க்கரால் தேதியையும் அடியையும் எழுதுவார். அடுத்த முறை வந்தால் அதற்குக் கீழே அடுத்த வரி. மேலே இருப்பதை அழிக்கவே மாட்டார். "நாளைக்கு நான் வராம வேற ஆளு வந்தாலும் அவனுக்குத் தெரியணும்ல?" என்பார். போட்டிக்காரனுக்கு உதவி செய்ய எழுதி வைக்கிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி என் பெருமையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். தாம்பரம் முதல் காட்டாங்குளத்தூர் வரை எத்தனையோ பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் என் கடையில் உருவாகியிருக்கின்றன. புத்தகத்தை மேற்கோள் காட்டுவதில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. இன்டர்நெட்டில் பார்த்ததை எழுதும்போதுதான் கூத்து. ஒருவன் எல்லாவற்றுக்கும் 'கூகுள்' என்று மட்டும் போட்டுக்கொண்டு வந்தான். இன்னொருத்தி செப்டம்பர் முப்பத்தொன்றாம் தேதி பார்த்ததாக எழுதியிருந்தாள். அதனால் கடையில் பலகையே மாட்டிவிட்டேன்: 'வெறும் லிங்க் வாங்கப்பட மாட்டாது. யார் எழுதியது, என்ன தலைப்பு, என்றைக்குப் பார்த்தது, எல்லாம் வேண்டும்.' பார்த்த தேதி இல்லாமல் ஒரு வெப்சைட்டும் என் கையைத் தாண்டிப் போகாது. ஏனென்றால் புத்தகம் அச்சானால் அச்சானதுதான். வெப்சைட் இன்று ஒன்று சொல்லும், நாளை வேறு சொல்லும். இதை நான் பிள்ளைகளிடம் மூக்கை உயர்த்திக்கொண்டு சொல்வேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பாய்க்கும் ஒரு வெப்சைட் உண்டு. நான்தான் ஆரம்பித்துக் கொடுத்தேன். 2019 ஜூன் மாதம். அந்த வருஷம் சென்னை பட்ட பாடு மறக்குமா? ஏரி வெடித்துக் கிடந்தது, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டின. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து என் கடைக்கு வந்தார். கையில் கசங்கிய காகிதம். "அக்கா, இத கம்ப்யூட்டர்ல எல்லாரும் பாக்கற மாதிரி போட முடியுமா?" என்றார். அந்த ஒரே வாரத்தில் அவர் கயிறு விட்டுப் பார்த்த நாற்பத்தொரு வீடுகள். தெரு, தேதி, எத்தனை அடியில் தண்ணீர். இலவசமாகப் பக்கம் திறக்கும் தளம் ஒன்றில் முதல் நாள் கடைப் படத்தைப் போட்டு, மறுநாள் பட்டியலை ஏற்றினேன்.

"விளம்பரமா பாய்?" என்று கேட்டேன்.

"அப்டியே வெச்சிக்கோக்கா" என்றார்.

நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அதுதான் தப்பு. பிறகு சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்த பெண் தேவதர்ஷினி. காட்டாங்குளத்தூர் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைப் பற்றி பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது, பெரிய கண்ணாடி, வாயைத் திறந்தால் 'டேட்டா'. அந்த வறட்சியில் தெருத் தெருவாகத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று எங்கு தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லையாம். பாய் பக்கம் ஒன்றுதான் கிடைத்ததாம். எடுத்துக்கொண்டாள். 2024 ஜனவரியில் அவள் கட்டுரை என்னிடம் பைண்டிங்குக்கு வந்தபோது, ரெஃபரன்ஸ் பட்டியலில் அறுபத்து மூன்றாவதாக நின்றது: முனீர் மோட்டார் ஒர்க்ஸ், பக்கத்தின் தலைப்பு, லிங்க், பார்த்த நாள் 17 மார்ச் 2023. எல்லாம் என் பலகைப்படி. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

தடுப்பைத் தட்டி பாயைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். இரண்டு முறை விரலை வைத்துப் படித்தார். முன்னால் இருப்பவர் ஒரு ஜெர்மன்காரர், பின்னால் இருப்பது ஐ.நா. அறிக்கை. நடுவில் பாய்.

"இத ப்ரொபசருங்கோ எல்லாம் பாப்பாங்களாக்கா?"

"ஊர் உலகமே பார்க்கும் பாய்."

மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெட்கம். அன்று எங்கள் வரிசைக் கடைகளுக்கெல்லாம் சமோசா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில் கவலையோடு வந்தார்.

"அக்கா, நம்ம பேஜ தொறந்து பாத்தேன். பேஜாராப் போச்சு. எல்லாம் அஞ்சு வருஷத்துக்கு முந்தின அளவு! இப்ப தான் மழ பேஞ்சு தண்ணி மேல வந்து கீதே. படிச்சவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க, இந்தாளு கடைய மூடிட்டான்னு நெனக்க மாட்டாங்க? எல்லாத்தையும் புதுசா மாத்திடுக்கா."

மழைக்குப் பிறகு வேலைக்குப் போன இடங்களில் அளந்து வைத்திருந்த புது எண்களைக் கொடுத்தார்; தான் போகாத வீடுகளுக்குப் பக்கத்து வீட்டு அளவு. எனக்கு அன்று நாலு பைண்டிங், இரண்டு பத்திர ஜெராக்ஸ், கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. அவசர அவசரமாகப் பழைய எண்ணை அழித்தேன், புது எண்ணைப் போட்டேன். ஏரிக்கரை இரண்டாவது தெரு, லோகநாதன் வீடு: 287 போய் 38 ஆனது. நாற்பத்தொரு வரிகளும் மாறின. தேதியும் மாறியது. 'பார்த்த நாள்' என்று முந்தின நாள் டைப் செய்த அதே விரல்கள்தான் பார்த்ததை அழித்தன. வேலியே பயிரை மேய்ந்தது.

ஜூலை மாதம் தர்ஷினி கடைக்குள் வந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. கட்டுரையைத் திருத்திய வெளியூர்ப் பேராசிரியர் ஸ்ரீரங்கன் அறிக்கை அனுப்பியிருந்தார். மனுஷர் ஒவ்வொரு லிங்கையும் திறந்து பார்த்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பரீட்சகரை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் எழுதியிருந்தது இதுதான்: 'ரெஃபரன்ஸ் 63இல் லோகநாதன் வீட்டில் தண்ணீர் 38 அடி என்று இருக்கிறது. ஆய்வாளர் 287 என்கிறார். ஆய்வின் முடிவே இந்த எண்ணில் நிற்கிறது. பொய்த் தரவோ என்று ஐயப்படுகிறேன். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஆதாரம் காட்ட வேண்டும்.'

"அக்கா, நான் பொய் எழுதலக்கா" என்றாள். "அடுத்த மாசம் இருபத்திரெண்டாம் தேதி வைவா. ஆதாரம் இல்லன்னா தீசிஸ் திரும்பிடும். செப்டம்பர்ல வேலைக்குச் சேரணும், டிகிரி இல்லாம எடுத்துக்க மாட்டாங்க. அதக்கூட விடுங்க, பொய் டேட்டான்னு பேர் வந்துட்டா அப்புறம் யாரு என்னை நம்புவாங்க?"

உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அழித்தது யார் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பக்கத்தை அவள் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. எண்களைத் தன் கணினியில் டைப் செய்து வைத்திருந்தாள். அது அவளே எழுதியது, ஆதாரமாகாது. பழைய வெப்சைட்டுகளை அவ்வப்போது படம் பிடித்து வைக்கும் தளம் ஒன்று உண்டு, அதிலும் தேடினோம். பாய் பக்கத்தை அது ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தது. அதுவும் முதல் நாள், பட்டியல் ஏறுவதற்கு முன். கடை வாசலில் பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும் படம் மட்டும் இருந்தது.

பாயைக் கூப்பிட்டுச் சொன்னோம். "பழைய அளவுதான? அதுக்கா இவ்ளோ அழுவாச்சி?" என்றார். "எல்லாம் அவங்கவங்க வூட்ல கீதேம்மா. பொட்டி மூடிய தொறந்தா தெரியப்போவுது!"

தர்ஷினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

மூன்று நாள் கடையை மதியம் வரை சாத்திவிட்டு அலைந்தோம். பாய் டிவிஎஸ்ஸில் முன்னால், நானும் தர்ஷினியும் என் ஸ்கூட்டியில் பின்னால். ஒரு வீட்டில் எங்களைக் கரண்ட் கட் பண்ண வந்தவர்கள் என்று நினைத்து மருமகள் கதவைத் திறக்கவே இல்லை. இன்னொரு வீட்டில் மூடிக்கு உள்ளேயும் பெயின்ட் அடித்துத் தொலைத்திருந்தார்கள். ஒரு பெட்டியிலிருந்து பல்லி ஒன்று பாயின் தலையில் குதித்தது. அதற்கு என்ன பலன் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும், "அக்கா, அதெல்லாம் உங்க கணக்கு, எனக்குச் செல்லாது" என்று தட்டிவிட்டார். நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று மூடிகள் கிடைத்தன. சிவப்பு மார்க்கர் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. தர்ஷினியின் எண்களும் மூடிகளின் எண்களும் அச்சு அசலாக ஒத்துப்போயின. ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள், எடுத்த தேதியும் நேரமும் தெரியும்படி. இந்த முறை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிடைக்காத எட்டில் ஒன்று லோகநாதன் வீடு. பேராசிரியர் பிடித்துக்கொண்டதே அந்த 287ஐத்தான்.

"அந்த வூடே இல்லையே" என்றார் பாய். "இடிச்சு பிளாட் கட்டிட்டாரு. பொட்டி இன்னேரம் காயலாங்கடைக்குப் போயிருக்கும்." சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார். லோகநாதன் அண்ணன் அவரோடு பேசி ஐந்து வருஷம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று இருவருமே சொன்னதில்லை.

லோகநாதன் அண்ணன் இந்த ஊரின் பழைய குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள், இப்போது பிளாட்டு வாடகை வாங்குகிறார்கள். எதையும் தூக்கிப் போட மாட்டார். அந்த நம்பிக்கையில் பாயை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, நானும் தர்ஷினியும் மட்டும் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் மீசை துடித்தது.

"பாயா? அந்த ஆளு எழுதின பொட்டியா? வெச்சிகினுதான் கீறேன், வா."

கார் நிறுத்துமிடத்துச் சுவரில் அந்தப் பழைய பெட்டி தொங்கியது. உள்ளே இருந்த சாமான்களைக் கழற்றிவிட்டு, எட்டு வீட்டின் கரண்ட் அட்டைகளையும் அதில் போட்டு வைத்திருந்தார். மூடியைத் திறந்தார். மூன்று வரிகள், மூன்று கையெழுத்து.

முதலில் சிவப்பு மார்க்கர்: 9.6.19, 287 அடி.

அதன் கீழே பால்பாயின்ட் பேனாவில், அழுத்தி அழுத்தி எழுதியது: '12.6.19 தண்ணி வரல. பாய்க்கு போன் பண்ணேன். 14 தடவ. எடுக்கல.'

அதற்கும் கீழே நீல மையில், வேறொரு மெக்கானிக் எழுதியது: 13.6.19, 292 அடி.

"அன்னிக்கு என் பேத்திக்குக் காதுகுத்து. வூடு நிறைய சனம், கை கழுவ தண்ணி இல்ல. பதினாலு தடவ அடிச்சேன், எடுத்தானா? கோவத்துல கையில கெடச்ச பேனாவால எழுதினேன். வூட்ட இடிக்கும்போதுகூட இத தனியா கழட்டி வெச்சேன். ஏன்னு கேளு. தெனம் இத பாக்கும்போது எனக்கு ஆத்திரம் வரணும்!"

தர்ஷினி படம் எடுத்தாள். போதாதென்று இன்னும் இரண்டு முறை எடுத்தாள். பிறகு வைவா அழைப்பிதழ் ஒன்றை மரியாதைக்காக அவரிடம் நீட்டினாள். அவர் மூக்கருகே வைத்துப் படித்தார்.

"பொதுமக்கள் கலந்துகொண்டு கேள்வி கேட்கலாம்னு போட்டு கீதே. நெஜமாவா?"

"ஆமா சார், பப்ளிக் வைவா. யார் வேணா கேக்கலாம்."

"அந்த பாய் வருவானா?"

"வருவார்" என்றேன் நான்.

"அப்ப நானும் வரேன்."

திரும்பும் வழியெல்லாம் தர்ஷினி, "வேணாம்க்கா, ஏன்க்கா குடுத்தேன், அவர் வந்து சண்டை போட்டா என் கதி என்னக்கா?" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை மின்சார ரயிலில் போனோம். பாய் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் மனைவி அக்தர் பேகம் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தது. கையில் நைலான் கயிறு. "அது எதுக்கு பாய்?" என்றேன். "எப்டி அளந்தேன்னு கேட்டா காட்ட வேணாமாக்கா?" பல்கலைக்கழக ஹாலில் இருபது முப்பது மாணவர்கள், மூலையில் சமோசாவும் காபியும். கடைசி வரிசையில் லோகநாதன் அண்ணன், விபூதிப் பட்டையோடு, அந்தப் பெட்டி மூடியை மடியில் வைத்துக்கொண்டு. கழற்றியே எடுத்து வந்துவிட்டார்!

பேராசிரியர் ஸ்ரீரங்கன் ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். அந்த மாதிரி ஆட்கள்தான் ஆபத்து. தர்ஷினி முப்பத்து நான்கு மூடிகளையும் திரையில் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா இது 2019ல எழுதினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் ரிப்போர்ட் வந்த பிறகு, போன வாரம் ஒரு மார்க்கர் வாங்கி எழுதியிருக்கலாமே?"

தர்ஷினி திரையில் மூடிகளை முன்னும் பின்னும் நகர்த்தினாள். அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம்.

"நான் பப்ளிக்கு. கேள்வி கேக்கலாமா?" லோகநாதன் அண்ணன் எழுந்து நின்றார். "இந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்கு அந்த பாயத்தான் கேக்கணும். எனக்கும் அந்தாளுக்கும் அஞ்சு வருஷமா பேச்சு கெடையாது. இன்னா யோக்கியமான ஆளு சார் இவன்? பதினாலு தடவ போன் அடிச்சா எடுக்காதவன்!" மூடியைத் தூக்கிக் காட்டினார்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அந்த ரெண்டாவது வரி நீங்க எழுதினதா?"

"நான்தான். என் கையெழுத்து."

"என்றைக்கு?"

"பன்னெண்டு ஜூன், புதன்கிழம. பேத்தி காதுகுத்து பத்திரிகை கீது வூட்ல, வேணும்னா அனுப்பறேன்."

"நீங்க எழுதும்போது மேல அந்த 287 இருந்ததா?"

லோகநாதன் அண்ணன் அவரை ஒரு முறை முறைத்தார். "இன்னா சார் கேள்வி இது? மேல எழுதியிருந்ததுக்குக் கீழதான நான் எழுத முடியும்!"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. பேராசிரியரே சிரித்துவிட்டார். மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது வரி, வேறொரு மெக்கானிக், நாலு நாள் கழித்து ஐந்தடி இறங்கியிருக்கிறது. "பகையாளி வந்து சாட்சி சொன்ன ரெஃபரன்ஸை நான் இப்பதான் பார்க்கிறேன்" என்றார்.

பிறகு பேராசிரியர் பாய் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் சார் பழைய அளவையெல்லாம் அழிச்சீங்க?"

பாய் எழுந்தார். "பழைய தண்ணிய யார் சார் குடிக்கப் போறாங்க?" என்றார் அப்பாவியாக. மறுபடி சிரிப்பு.

"சார் கேட்டது இருக்கட்டும்" என்றார் லோகநாதன் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் பதில் சொல்லு பாய். ஏன் போன் எடுக்கல?"

பாய் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அந்த வாரம் நாப்பத்தோரு வூடுண்ணா" என்றார். "எங்க கயிறு வுட்டாலும் தண்ணி கீழ போய்க்கினே கீது. அன்னிக்குக் காலைல மட்டும் ஒம்போது வூட்ல சுத்தமா இல்ல. ஒரு வூட்ல கைக்கொழந்தக்காரி அழுதா. உங்க போன் வந்துச்சுண்ணா, பாத்தேன். பதினாலு தடவயும் பாத்தேன். எடுத்தா உங்களுக்கும் தண்ணி இல்லன்னுதான சொல்லணும்? விசேஷ வூடு வேற. எத்தன பேருக்குண்ணா சொல்றது? என்னால முடியல. போன பாத்தாலே பயமா போச்சு. வெள்ளிக்கெழம தொழுதுட்டு உங்க வூட்டுக்குத்தான் மொதல்ல வந்தேன். நீங்க வாசல்லயே போன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறந்தான் அக்கா கிட்ட போய், எல்லாருக்கும் தெரியற மாதிரி கம்ப்யூட்டர்ல போட்டுடுன்னேன். என் வாயால சொல்ல வேணாமேன்னு."

விளம்பரம் என்று நினைத்தேனே! பதினெட்டு வருஷம் பக்கத்துக் கடை. போன் எடுக்காததற்கு அவரை நான் எத்தனை முறை ஏசியிருக்கிறேன்! அந்தப் பழக்கம் எந்த மாதத்திலிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

லோகநாதன் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். கேள்வி முடிந்தது என்று கையைக் காட்டினார்.

பத்து நிமிஷம் வெளியே நிற்க வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். தேவதர்ஷினிக்குப் பட்டம் வழங்கப் பரிந்துரை. ஒரே ஒரு திருத்தம்: மூடியின் படத்தைப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும், ரெஃபரன்ஸ் 63இல் பக்கம் பின்னால் மாற்றப்பட்டதைக் குறிக்க வேண்டும். தர்ஷினி என்னைக் கட்டிக்கொண்டாள். "டாக்டரம்மா, கண்ணாடி ஒடையப் போவுது" என்றேன்.

சமோசா மேசை அருகே பாயின் போன் அடித்தது. வழக்கம்போல் விட்டுவிடப் போகிறார் என்று பார்த்தேன். எடுத்துப் பெயரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹாலின் மறுகோடியில் லோகநாதன் அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ... அண்ணா" என்றார் பாய்.

"எடுத்துட்டான்யா!" என்று அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம். அதற்குப் போனே தேவைப்படவில்லை.

கடைசிப் பிரதியை நான் தயார் செய்தபோது பாய் பக்கத்தில் வந்து நெளிந்தார். "அக்கா, அந்த பதினாலு தடவ வரிய மட்டும் கட் பண்ணிட முடியாதா? லைப்ரரில காலத்துக்கும் இருக்குமாமே."

"ஆதாரத்துல கை வைக்கறது நமக்கு ஒரு தடவ போதும் பாய்."

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். மறுநாள் லோகநாதன் அண்ணன் போன் செய்து, உடனே வந்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். பெட்டி மூடி மறுபடி சுவருக்குப் போயிருந்தது. அதில் நாலாவதாக ஒரு வரி, அதே பால்பாயின்ட் பேனா, அதே அழுத்தம்: '22.8.24 பாய் போன் எடுத்தார். ஒரே ரிங்.'

பாய்க்கு அதைக் காட்டியதும் துள்ளினார். தீசிஸில் இந்தப் படத்தைத்தான் போட வேண்டும் என்று ஒரே அடம். அதெல்லாம் முடியாது, தர்ஷினி பார்த்த நாளில் மூன்று வரிதான் இருந்தது என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் அவர் பக்கத்தில் போடலாம். மூடிகளில் கிடைத்த பழைய எண்களை எல்லாம் அதில் திரும்ப ஏற்றியிருந்தேன். அவற்றுக்குக் கீழே புது எண்கள், எல்லாவற்றுக்கும் கீழே இந்தப் படம். எதையும் அழிக்கவில்லை. கிடைக்காத ஏழு வீடுகளுக்கு எதிரே 'மூடி கிடைக்கவில்லை' என்றே போட்டேன்.

படத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் "பாய், போன்!" என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் கேட்டது.

"கீதும்மா, பயப்படாத. தண்ணி கீது."